தேங்காய் அரைக்காத மீன்குழம்பு

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் கணையத்தில் வீக்கம் வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ரத்தத்தில் 150-க்குள் இருக்க வேண்டிய ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு எனக்கு 1,400-ஐத் தாண்டியிருந்தது. 1,000-க்கு மேலே போனாலே கணையம் புண்படும் ஆபத்து ஏறிவிடும் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு அனுப்பும்போது மருந்துச் சீட்டோடு சாப்பாட்டுத் தாள் ஒன்றும் கொடுத்தார்கள். அதில் முதல் வரியே ஒரு நாளைக்கு மொத்தக் கொழுப்பு 20 கிராம் என்பதுதான். ஒரு டீஸ்பூன் எண்ணெய் கிட்டத்தட்ட 5 கிராம். அப்படியென்றால் நாலு டீஸ்பூனோடு அன்றைய கணக்கு முடிந்தது, அதுவும் மீனிலும் பருப்பிலும் இருக்கிற கொழுப்பைச் சேர்க்காமல்.

எங்கள் வீடு நாகர்கோவில். இந்த ஊர்க்காரர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே மீன்குழம்பு என்றால் தேங்காய் அரைத்ததுதான். அவியல், புளிமுளம், தீயல், துவரன் எல்லாவற்றுக்கும் தேங்காய், தாளிக்கத் தேங்காய் எண்ணெய். தாளைப் படித்துக் காட்டியதும் அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "தேங்கா இல்லாம கொளம்பு எப்பிடி மக்களே?"

முதல் ஒன்றரை மாதம் நான் சாப்பிட்டது உப்பும் நல்லமிளகும் போட்டு வேகவைத்த மீன். மீன் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கொழுப்பு குறைந்த வெள்ளை மீனைத் தாராளமாகச் சாப்பிடச் சொன்னார்கள், புரதத்துக்கு அதைவிட நல்ல வழி கிடையாது என்றார்கள். ஆனால் தட்டைப் பார்த்தாலே பசி போய்விடும். ஏழு கிலோ குறைந்தேன். அதில் பாதி நோயால், பாதி சாப்பிடப் பிடிக்காததால் என்றுதான் நினைக்கிறேன். கட்டுப்பாட்டுச் சாப்பாட்டில் இருக்கிறவர்களிடம் ருசியைப் பற்றிப் பேசினால் "உயிரா, ருசியா" என்று கேட்கிறார்கள். ருசி இல்லாத சாப்பாட்டை ஆறு மாதம் ஒழுங்காகத் தொடர்ந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. ருசி இருந்தால்தான் கட்டுப்பாடு நிற்கும்.

அப்புறம் ஒரு நாள் உட்கார்ந்து யோசித்தேன். குழம்பில் தேங்காயும் எண்ணெயும் அப்படி என்னதான் செய்கின்றன? அரைத்த தேங்காய் குழம்பைக் கொழுகொழுவென்று ஆக்குகிறது. புளியின் முனையை மழுக்கி லேசாக இனிப்புக் கொடுக்கிறது. மிளகாயின் காரத்தை அடக்குகிறது. எண்ணெய் தாளிப்பின் வாசனையைத் தாங்கி நிற்கிறது. பொரிக்கும்போது மீன் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. இந்த எல்லா வேலையையும் ஒரே பொருளே செய்ய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒவ்வொரு வேலையையும் வேறொன்றிடம் கொடுக்கலாம் என்று புரிந்ததும் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. மிச்சப் பாதிக்கு ஒரு வருடம் ஆனது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். துருவிய பச்சைத் தேங்காய் 100 கிராமில் கொழுப்பு மட்டும் 33 கிராம் இருக்கிறது. நாலு பேர் குழம்புக்கு அம்மா அரைப்பது ஏறக்குறைய அந்த அளவுதான். அதோடு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் 28 கிராம். ஆக, மீனைச் சேர்க்காமலே ஆளுக்கு 15 கிராம். ஒரு வேளைக் குழம்பிலேயே என் நாள் கணக்கில் முக்கால்வாசி போய்விடும். ஆனால் அந்தக் குழம்பில் கிடக்கிற விளமீனிலோ கிழங்கானிலோ சங்கராவிலோ 100 கிராமுக்கு ஒன்று, இரண்டு கிராம் கொழுப்புதான். றாலில் ஒரு கிராம். நண்டு, கணவா, சிப்பி எல்லாமே இரண்டு கிராம் அளவுக்குள்தான். குழம்பில் அவ்வளவு கொழுப்பும் நாம் சேர்ப்பதுதான், கடலிலிருந்து வருவது மிகக் கொஞ்சம்.

இதில் விலக்கு சாளை, அதாவது மத்தி. நெய் ஏறிய காலத்துச் சாளையில் 100 கிராமுக்கு 10 கிராமுக்கு மேலேகூடப் போகும், அயிலையும் (கானாங்கெளுத்தி) காலத்தைப் பொறுத்துக் கூடும். இந்தக் கொழுப்பு நல்லது, ஒமேகா 3 இருக்கிறது, ட்ரைகிளிசரைடையே குறைக்கும் என்று தெரிந்தவர்கள் பலர் சொன்னார்கள். பொதுவாக அது சரிதான். ஆனால் என் கணையத்துக்கு நல்ல கொழுப்பு, கெட்ட கொழுப்பு என்ற பேதம் அந்த மாதங்களில் கிடையாது. எதுவாக இருந்தாலும் கிராம் கணக்கு ஒன்றுதான். டாக்டரைக் கேட்டு, ஆறு மாதம் கழித்துத்தான் வாரத்துக்கு ஒரு முறை இரண்டு சாளை என்று ஆரம்பித்தேன். மீனெண்ணெய் மாத்திரையை யாரும் சொந்தமாக வாங்கி விழுங்க வேண்டாம், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். உங்கள் அளவு 20-ஆ 40-ஆ என்பதையும் உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சரி, குழம்புக்கு வருவோம்.

கொழுகொழுப்புக்கு நான் நம்புவது சின்ன உள்ளி, எங்கள் ஊரில் சின்ன வெங்காயத்தை அப்படித்தான் சொல்வோம். அரைக் கிலோ மீனுக்கு இருபது உள்ளி, கொஞ்சம் கூடினாலும் தப்பில்லை. மண்சட்டியை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் இல்லாமல் உள்ளியைப் போட்டு, ஒட்ட ஆரம்பிக்கும்போது ஒரு கை தண்ணீர் தெளித்துச் சுரண்டி விட வேண்டும். தண்ணீர் வற்றும், திரும்ப ஒட்டும், திரும்பத் தெளிக்க வேண்டும். இப்படி நாலைந்து முறை, பத்துப் பன்னிரண்டு நிமிடம். அவசரப்பட்டு ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றினால் உள்ளி வெந்துவிடும், வதங்காது. ஓரம் கருகுவதற்கு முன்னால் இருக்கும் அந்தப் பழுப்பு நிறம் வந்தால்தான் இனிப்பும் வாசனையும் வரும். இதைப் பொறுமையாகச் செய்தால் எண்ணெயில் வதக்கியதற்குக் கிட்டத்தில் வந்துவிடுகிறது, இதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

அதன் பிறகு இரண்டு மேசைக்கரண்டி மல்லி, அரை டீஸ்பூன் நல்லமிளகு, கால் டீஸ்பூன் வெந்தயம், ஒரு டீஸ்பூன் பச்சரிசி, எல்லாவற்றையும் வெறும் சட்டியில் வறுக்க வேண்டும். பச்சரிசிதான் குழம்பைப் பிடித்து நிறுத்தும். வதக்கிய உள்ளி, வறுத்தது, ஒரு பழுத்த தக்காளி, மஞ்சள்பொடி, மிளகாய்ப்பொடி எல்லாவற்றையும் சேர்த்து வெண்ணெய்போல அரைக்க வேண்டும். மிக்ஸியில் முதல் சுற்றோடு நிறுத்தாதீர்கள், மூன்று முறை வழித்து விட்டு அரையுங்கள். கொரகொரப்பாக இருந்தால் தண்ணீர் தனியாக, மசாலா தனியாக நிற்கும்.

மிளகாயில் நான் ஒரு மாதம் ஏமாந்தேன். பழைய அளவே போட்டேன், வாய் எரிந்தது. மிளகாயின் காரம் கொழுப்பில்தான் கரையும், தண்ணீரில் கரையாது. தேங்காய் இருந்தபோது அது காரத்தை அடக்கி வைத்திருந்தது. தேங்காய் போனதும் அதே மிளகாய் நேராக நாக்கில் ஏறிவிட்டது. இப்போது காரப்பொடி பாதிதான், நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாய்ப்பொடி. புளியும் அதேபோல. வாளன்புளியை, அதாவது சாதாரணப் புளியை, பாதியாகக் குறைத்து, குடம்புளி இரண்டு சுளை போடுகிறேன். குடம்புளியைப் புகையில் காயவைப்பார்கள், அந்தப் புகைவாசம் குழம்பில் இறங்கும். கொழுப்பு இல்லாத குழம்பில் இல்லாமல் போகிற ஆழத்தைக் கொஞ்சம் அதுதான் கொண்டுவருகிறது. கடைசியில் நகக்கண் அளவு கருப்பட்டி. இனிப்புத் தெரியக் கூடாது, புளி மட்டும் சாதுவாக வேண்டும்.

தண்ணீருக்குப் பதில் மீன்தலை வேகவைத்த சாறு. மீன்காரி அக்காவிடம் தலையையும் நடுமுள்ளையும் தனியாகக் கேட்டு வாங்கி, செவுளை எடுத்து, நன்றாகக் கழுவி, நாலு நல்லமிளகோடு இருபது நிமிடம் மெல்லக் கொதிக்க விட்டு வடிகட்டுவேன். அதற்கு மேல் கொதித்தால் கசக்கும். ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மேலே நெய் மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். இந்தச் சாற்றில் அரைத்த மசாலாவையும் புளியையும் கரைத்து, பச்சை வாசனை போகும்வரை பத்து நிமிடம் கொதித்த பிறகு மீன். மீன் போட்டபின் ஆறேழு நிமிடம் போதும். கரண்டி போடாமல் சட்டியைத் துணியால் பிடித்து ஆட்டினாலே போதும்.

எண்ணெய் முழுச் சட்டிக்கும் ஒரு டீஸ்பூன், அதுவும் கடைசியில். முதலில் ஊற்றினால் கொதியில் அதன் வாசனை போய்விடும், எங்கே இருக்கிறதென்றே தெரியாது. கடைசியில் கடுகு, இரண்டு உள்ளி, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி உடனே மூடி, பத்து நிமிடம் திறக்காமல் வைத்தால் அந்த ஒரு டீஸ்பூன் மூன்று டீஸ்பூன் வேலை செய்யும். தேங்காய் எண்ணெய்தான் போடுகிறேன். அதன் கொழுப்பு மற்ற எண்ணெயைவிட ஒன்றும் குறைவில்லை, உறைகிற வகைக் கொழுப்பு அதில் அதிகம் என்பதும் தெரியும். ஆனால் இவ்வளவு கொஞ்சமாக ஊற்றும்போது வாசனை தருகிற எண்ணெய்தான் வேண்டும்; மணமில்லாத எண்ணெயில் அந்த ஒரு டீஸ்பூனும் வீண். மீனையும் சேர்த்து ஆளுக்கு நாலு கிராமுக்குள் முடிந்துவிடுகிறது. காலையில் வைத்துச் சாயந்திரம் சாப்பிட்டால் இன்னும் நன்றாக இருக்கும், புளி மீனுக்குள் இறங்க நேரம் வேண்டும்.

தீயல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தீயலுக்குத் தேங்காயைக் காப்பிப்பொடி நிறத்துக்கு வறுப்பார்கள், அதனால் இதை என்றைக்குமே சாப்பிட முடியாது என்றுதான் முதலில் விட்டுவிட்டேன். உண்மையில் இதுதான் எனக்கு எளிதாக அமைந்தது. தீயலின் ருசி தேங்காயின் கொழுப்பில் இல்லை, அந்த வறுபடலில் இருக்கிறது. இரண்டு மேசைக்கரண்டி துருவல், அதாவது 10 கிராம், அதில் கொழுப்பு மூன்று கிராம் சொச்சம். அதை நாலு பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு கிராம்கூட வராது. அந்தக் கொஞ்சத்தை மல்லியோடும் வற்றல் மிளகாயோடும் சேர்த்துச் சின்னத் தீயில் கருநிறத்துக்கு ஒரு விரல் முன்னால் வரை வறுக்க வேண்டும். பச்சைத் தேங்காய் கொஞ்சம் போட்டால் இருப்பதே தெரியாது, வறுத்த தேங்காய் கொஞ்சமே போட்டாலும் வீடு முழுக்க மணக்கும். றால் தீயலுக்கு றாலின் தலையையும் ஓட்டையும் எறியாதீர்கள். கழுவி, காய்ந்த சட்டியில் போட்டுச் சிவக்க வறுத்து, தண்ணீர் ஊற்றிப் பதினைந்து நிமிடம் வேகவைத்து வடிகட்டினால் வருகிற சாறு ஒன்றே போதும். றாலைக் கடைசி மூன்று நிமிடத்தில் போட வேண்டும். வளைந்து பாதி வட்டமாக வந்தால் எடுத்துவிடுங்கள். முழு வட்டமாகச் சுருண்டால் ரப்பர்.

கணவாயும் அப்படித்தான், இரண்டு நிமிடம் அல்லது நாற்பது நிமிடம். நடுவில் எப்போது எடுத்தாலும் கடிபடாது. நான் நல்லமிளகும் பூண்டும் தட்டிப்போட்டு, உள்ளியைத் தண்ணீர் தெளித்து வதக்கி, கணவாயை அதன் சொந்தத் தண்ணீரிலேயே முக்கால் மணி நேரம் மூடி வேகவிட்டு, கடைசியில் சுருள வற்றவைக்கிறேன்.

பொரித்த மீன் ஆசை யாருக்கும் விடாது. அதற்கு வாழையிலை. மசாலாவில் எண்ணெய் வேண்டாம். உள்ளி, பூண்டு, நல்லமிளகு, மிளகாய்ப்பொடி, குடம்புளித் தண்ணீர், உப்பு, இவற்றை அரைத்துக் கீறிய மீனில் தடவி அரைமணி நேரம் வைத்து, இலையைத் தீயில் வாட்டி, பொதிந்து, காய்ந்த தோசைக்கல்லில் பக்கத்துக்கு ஏழெட்டு நிமிடம். இலை கருகும்போது வருகிற மணம் மீனில் ஏறும். மொறுமொறுப்பு வேண்டுமென்றால் பொதியைப் பிரித்து, கல்லில் அரை டீஸ்பூன் எண்ணெயைத் துணியால் தடவிவிட்டு, மீனை ஒவ்வொரு பக்கமும் ஒரு நிமிடம் போட்டு எடுங்கள். எண்ணெயில் பொரித்ததுபோல இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். இது வேறு பண்டம், அதன் வழியில் நன்றாக இருக்கும்.

இதையெல்லாம்விட முக்கியமாக நான் கற்றுக்கொண்டது புது மீனாகப் பார்த்து வாங்குவதுதான். தேங்காயும் எண்ணெயும் கொஞ்சம் பழசான மீனை மூடி மறைத்துவிடும். இந்தச் சமையலில் மறைக்க ஒன்றுமே இல்லை. ஐஸில் மூன்று நாள் கிடந்த மீனைப் போட்டால் முதல் கவளத்திலேயே தெரிந்துவிடும். பெரிய மீன்தான் வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டேன். காலையில் வள்ளத்தில் வந்த சின்னக் கிழங்கான், ஐஸில் கிடந்த வஞ்சிரத்தைவிட ஆயிரம் மடங்கு மேல். ஜூன், ஜூலையில் எங்கள் மேற்குக் கரையில் விசைப்படகுக்குத் தடைக்காலம், அப்போது வரத்துக் குறையும், விலை ஏறும். அந்த இரண்டு மாதம் நாட்டுப்படகில் என்ன வருகிறதோ அதுதான், பல நாள் கருவாடும் மாசியும்தான்.

மாசி தெரியாதவர்களுக்கு: சூரை மீனை அவித்து, புகைபோட்டு, கட்டையாகும்வரை காயவைத்தது. மாலத்தீவிலும் லட்சத்தீவைச் சேர்ந்த மினிக்காய்த் தீவிலும் செய்வார்கள். சூரை கொழுப்புக் குறைந்த மீன், மாசியில் இருப்பது பெரும்பாலும் புரதமும் ருசியும். ஜப்பான்காரர்கள் தங்கள் சூப்புக்கு அடிப்படையாக வைத்திருப்பதும் இதே சூரையை இதேபோலப் புகைபோட்டுக் காயவைத்துச் சீவியதுதான். ஒரு சின்னத் துண்டை இடித்து, சுட்ட வற்றல் மிளகாய், நாலு பச்சை உள்ளி, கொஞ்சம் புளி, உப்பு வைத்து அம்மியில் தட்டினால் கஞ்சிக்குத் துவையல் ஆச்சு. எண்ணெய் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். நான் இப்போது காய்கறிக் குழம்பில்கூட அரை டீஸ்பூன் மாசித்தூள் போடுகிறேன், அதன் பிறகு அதில் தேங்காய் இல்லை என்று யாருக்கும் தோன்றுவதில்லை. உப்பு மட்டும் பார்த்துப் போடுங்கள், கருவாட்டிலும் மாசியிலும் ஏற்கெனவே இருக்கிறது.

நண்டுக்கு ரசம்தான். ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் கூழில்தான் நண்டின் கொழுப்பு, அதை மனதைத் திடப்படுத்திக்கொண்டு எடுத்துவிடுங்கள். கால்களை இடித்து, சீரகம், நல்லமிளகு, பூண்டு போட்டுக் கொதிக்க விட்டால் போதும். அதற்குத் தாளிப்புக்கூட வேண்டாம்.

கல்யாண வீடு, ஹோட்டல் எல்லாம் இன்னும் கஷ்டம்தான். வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகிறேன், அங்கே ரசமும் மோரும். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

போன மாதம் எடுத்த பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு 210. மருந்தும் சேர்ந்துதான், சாப்பாட்டால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். அளவை 30 கிராமுக்கு உயர்த்திக்கொள்ளலாம் என்றார் டாக்டர். அந்தப் பத்துக் கிராமை என்ன செய்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். ஒரு வாரம் தேங்காய் அரைத்த குழம்பு கேட்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஆனால் அன்றைக்குக் கடியப்பட்டணம் பக்கத்திலிருந்து சிப்பி வந்திருந்தது. பாறையில் முங்கி எடுத்த சிப்பி, கறுப்பு ஓடு, உள்ளே ஆரஞ்சு நிறச் சதை. நானே செய்தேன். ஓட்டை நன்றாகத் தேய்த்துக் கழுவி, தட்டியும் வாய் மூடாததை எறிந்துவிட்டு, தண்ணீரே ஊற்றாமல் காய்ந்த பானையில் போட்டு மூடினேன். நாலைந்து நிமிடத்தில் வாய் திறந்து, கடல் தண்ணீரையெல்லாம் பானையில் விட்டுவிடும். அந்தத் தண்ணீரைத் துணியில் வடித்தேன், மணல் இருக்கும். நடுவில் இருக்கும் நாரைப் பிய்த்துச் சதையை எடுத்து, தண்ணீர் தெளித்து வதக்கிய உள்ளி, இஞ்சி, பச்சை மாங்காய், கறிவேப்பிலை, இடித்த நல்லமிளகு போட்டு, வடித்த தண்ணீரை அதில் ஊற்றி வற்றவிட்டேன். உப்பே போடவில்லை. இறக்கும்போது ஒரு டீஸ்பூன் தேங்காய்த் துருவலைத் தூவலாம் என்று எடுத்து வைத்திருந்தேன்.

அம்மா ஒரு சிப்பியை எடுத்து வாயில் போட்டாள். அந்தத் துருவலைப் பார்த்துவிட்டு, "அது எதுக்கு இதுல? நாளைக்குத் தீயலுக்கு இருக்கட்டும்" என்று எடுத்து மூடி வைத்துவிட்டாள்.